தலையணைக்குள் இருந்த சங்கிலி

இன்று காலை என் கடை வாசலில் ஒருவன் பழைய மெத்தையைப் பிரித்துப் போட்டுப் பஞ்சடித்துக்கொண்டிருந்தான். இலவம்பஞ்சு. காற்று இந்தப் பக்கம் அடித்ததில் விற்பனைக்கு வைத்திருந்த பீரோ, மிக்ஸி, தையல் மிஷின் எல்லாவற்றின் மேலும் வந்து உட்கார்ந்தது. என் டீயிலும் விழுந்தது. "வேற எடமே கெடைக்கலயா உனக்கு? எடுத்துகினு போ அந்தாண்ட" என்று கத்திவிட்டேன். பாவம், அவன் மூட்டை கட்டிக்கொண்டு போனான். பஞ்சு போயும் அந்த வாசனை போகவில்லை. தலை எண்ணெயும் புழுக்கமும் கலந்து, பல வருடம் மூடிக் கிடந்த பஞ்சின் வாசனை. கல்லாவில் உட்கார முடியாமல் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

நீ கண்ணை மூடி இரண்டு ஐப்பசி ஆகிவிட்டது. உனக்குப் படிக்கத் தெரியாது. பஸ் போர்டைக்கூட நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். இருந்தும் எழுதுகிறேன். வாயால் சொல்ல முடியாத ஒன்று எனக்குள் கிடக்கிறது.

செங்கல்பட்டில் ரயில்வே கேட்டைத் தாண்டி மூடிப்போன அரிசி மில் இருந்ததே, அங்கிருந்துதான் எல்லாம். மில்லுக்காரர் நெல் காயப்போடும் கொட்டகையை அறை அறையாகத் தடுத்து, ஷட்டர் போட்டு வாடகைக்கு விட்டிருந்தார். மாற்றலாகிப் போகிறவர்களும் புது வீடு கட்டி முடியாதவர்களும் சாமான்களைப் போட்டுப் பூட்டிவிட்டுப் போவார்கள். சிலர் திரும்பி வரவே மாட்டார்கள். வாடகை நின்று, போட்ட கடிதமும் திரும்பி வந்தால் மில்லுக்காரர் அறையை அப்படியே ஏலம் விட்டுவிடுவார்.

முதல் முறை நீ என்னைக் கூட்டிப் போனபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஷட்டரைத் தூக்கியதும் மில்லுக்காரர் வாசலில் ஒரு கட்டிக் கற்பூரம் ஏற்றுவார். நாள்பட மூடிக்கிடந்த இடத்துக்குக் கற்பூரம் காட்டாமல் போகக்கூடாதாம். அது எரிந்து அணையும்வரை வெளியே நின்று பார்க்கலாம். படியைத் தாண்டினால் ஏலத்திலிருந்து வெளியே. அணைந்ததும் விலை கேட்க ஆரம்பித்துவிடுவார். பழைய சாமான் வாங்கும் ஆண்கள் பத்துப் பேர் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். நடுவில் நாம் இரண்டு பெண்பிள்ளைகள். "இன்னாமே, சினிமாவா பாக்குற? மூட்ட கட்னத பாரு, கயிற பாரு" என்று என் விலாவில் இடிப்பாய்.

நான் கனவு கண்டது தங்கம். கிடைத்தது எலிப் புழுக்கையும் ஓட்டை வாளியும். எப்போதாவது ஒரு வெண்கல உருளியோ, குத்துவிளக்கோ அகப்பட்டால் பஸ் ஏறி மாமல்லபுரம் போவோம். வெள்ளைக்காரர்களுக்குச் சிலை விற்கும் கடைக்காரர் அதைத் தட்டிப் பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். நாம் கடற்கரையில் உட்கார்ந்து வறுத்த மீன் தின்றுவிட்டு வருவோம். சந்தோஷமாகத்தான் இருந்தோம். அதையும் எழுதிவிட வேண்டும், இல்லையா?

அந்தத் தொழிலில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. பணத்தைக் கட்டியதும் உள்ளே போய் ஷட்டரைக் கீழே இழுத்துவிடுவது. நல்லது ஏதாவது கிடைத்தது வெளியே தெரிந்தால் அடுத்த ஏலத்தில் வேண்டுமென்றே விலையை ஏற்றுவார்கள். மில்லுக்காரருக்கும் கண் உறுத்தும். அதனால் பட்டப்பகலில் மூடிய அறைக்குள் டார்ச் வெளிச்சத்தில் மூட்டை பிரிப்போம். வெந்து போவோம். ஒருநாள்கூட நீ ஷட்டர் இழுக்க மறந்ததில்லை.

மில்லுக்கு வருவதற்கு முன்னால் நாம் இருவரும் கடற்கரை ஓரத்துக் குவார்ட்டர்ஸில் வீட்டுவேலை பார்த்தவர்கள். நீ வேலை செய்த சார் வீட்டில் ஒரு தாமரைப் பதக்கச் சங்கிலி காணாமல் போனது. சாரின் அம்மா, வயதான பெரியம்மா, புத்தி தடுமாறிப் போனவர். சோப்பை அரிசி டின்னில் வைப்பார். பிஸ்கட்டைச் செருப்புக்குள் ஒளிப்பார். "அந்தப் பெரியம்மாதான் எங்கியாவது வெச்சிருக்கும், நல்லாத் தேடிப் பாருங்கம்மா" என்று நீ அழுதாய். அவர்கள் உன்னைத்தான் சோதனை போட்டார்கள். எதிர் வீட்டு டீச்சரம்மா சாட்சிக்கு நிற்க, உன் கொண்டையை அவிழ்த்து உதறினார்கள். உன்னோடு வந்திருந்த அமுதாவின் ஜடையையும் பிரித்தார்கள். உன் மகளுக்கு அப்போது பல் விழுகிற வயசு. பிறகு ஸ்டேஷனில் சாயங்காலம்வரை உட்கார வைத்து அனுப்பினார்கள். கேஸ் இல்லை, ஒன்றுமில்லை. ஆனால் குவார்ட்டர்ஸில் ஒரு கதவும் உனக்குத் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அமுதாவுக்குப் பேரே மாறிப்போனது. திருடி மகள்.

நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. பெரியவர்களை விடு. அந்தக் குழந்தையின் ஜடையில் என்ன கிடைக்கும் என்று பிரித்தார்கள்?

பல வருடம் கழித்து, மழைக்கு முந்திய மாதம், மில்லில் கடைசி வரிசை அறைக்கு ஏலம் வந்தது. ஷட்டர் மேலே போனதும் என் மணிக்கட்டைப் பிடித்தாய். உள்ளே ஒரு பச்சை பீரோ. அதன் கதவில், குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில், ஒரு முயல் ஸ்டிக்கர்.

"அமுதா ஒட்டுனது" என்றாய். "சார் வூட்டு சாமான், ஸ்டெல்லா, இது. வடக்க மாத்தலாகிப் போறப்ப இங்கதான் போட்டாங்க. லாரில ஏத்துனவன் சொன்னான். அதுக்கோசரந்தான் நான் இந்த மில்லுக்கே வந்தேன். எப்ப ஷட்டர தூக்குவாங்கன்னு பாத்துகினே கீறேன்."

இத்தனை வருடம் பக்கத்திலேயே நின்றேன். எனக்கு அது தெரியாது. நான் தங்கத்துக்காக எட்டிப் பார்த்த ஒவ்வொரு அறையிலும் நீ அந்த ஒரு சங்கிலியைத்தான் பார்த்திருக்கிறாய்.

கற்பூரம் அணைந்தது. உன் முகத்தைப் பார்த்தே பழனி விலையை ஏற்றினான். மறைமலைநகரில் பெரிய காயலான் கடை வைத்திருந்தவன், அவனுக்கு அது விளையாட்டு. உன் வீட்டு ஓட்டைப் பிரித்துத் தளம் போட வைத்திருந்த பணம் முழுவதும் போனது. "பைத்தியமா உனக்கு? பாதிகூடத் தேறாதுமே" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "தேற வேணாம். எனக்கு அது வேணும்" என்றாய்.

பணத்தைக் கட்டிவிட்டு உள்ளே போனோம். அன்றைக்கு என்ன செய்திருக்க வேண்டும்? மில்லுக்காரரைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்க வேண்டும். பழனியை, பஞ்சர் கடைக்காரரை, ரோட்டில் போகிறவனை எல்லாம் கூப்பிட்டு, அத்தனை பேர் கண்ணெதிரே பிரித்திருக்க வேண்டும். உன் கை பழக்கப்படி மேலே போனது. ஷட்டரை இழுத்தாய். எனக்கும் அது தப்பாகப் படவே இல்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு நான் மூலையில் இருந்த டிரங்குப் பெட்டிக்குள் குனிந்தேன். நீ ஷட்டரின் அடியில் விழுந்த வெளிச்சக் கீற்றில் உட்கார்ந்து, மெத்தையும் தலையணையுமாகப் பெரியம்மாவின் படுக்கையைப் பிரித்தாய். பிளேடு துணியைக் கிழிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பஞ்சு பறந்து எனக்கு இருமல் வந்தது. அப்போதுதான் கத்தினாய்.

"கீது! ஸ்டெல்லா, கீது! இங்கியே கீது!"

உன் உள்ளங்கையில் பஞ்சோடு பஞ்சாக அந்தத் தாமரைப் பதக்கம். "நீ பாத்தல்ல? நீ பாத்தல்ல?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாய். "பாத்தேன்" என்றேன். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாய். நானும் அழுதேன்.

தலையெல்லாம் பஞ்சோடு, சங்கிலியை உயரத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாய். பழனி வாயிலிருந்து பீடியை எடுத்துவிட்டுச் சிரித்தான். "உள்ள மூடிகினு போயி இன்னா பண்ணியோ. எடுத்தாந்தியா, வெச்சிட்டு எடுத்தியா? நல்லாத்தான் கீதுக்கா உன் வித்த." எல்லோரும் சிரித்தார்கள். மில்லுக்காரர், "வித்தாச்சும்மா, எனக்கென்ன, உன் பாடு" என்று ஆபீஸுக்குள் போய்விட்டார். உன் முகம் அப்போது மாறியதை நான் பார்த்தேன்.

சாருக்குப் போட்ட கடிதமே திரும்பி வந்தாயிற்று, அவர்களை எங்கே தேடுவது? டீச்சரம்மா இன்னும் எதிர் வீட்டில்தான் இருந்தார். அவர் சொன்னால் குவார்ட்டர்ஸே கேட்கும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். அவர் நம்மைச் சோபாவில் உட்கார வைத்தார். பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உன் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகச் சொன்னார்: "இதேதான். பரவாயில்லம்மா, இப்பவாவது மனசு வந்துச்சே. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஸ்டெல்லா பார்த்தாள் என்று என்னை முன்னால் தள்ளினாய். அவர் என்னையும் அதே கருணையோடு பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டியிருப்பேன். காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தோம்.

அதெல்லாம் போகட்டும் என்றிருப்பாய், அமுதா மட்டும் நம்பியிருந்தால். அவள் அப்போது மறைமலைநகர் கம்பெனியில் வேலையில் இருந்தாள். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள் கையில் நீ சங்கிலியை வைத்தாய். அவள் முதலில் செய்தது கதவைச் சாத்தியது.

"யம்மா, இத்த யாருக்கும் காட்டாத. எனக்கு மாப்ள பாத்துகினு கீற நேரத்துல எதுக்கும்மா இந்தப் பேஜாரு?"

"நான் எடுக்கலடி. தலகாணிக்குள்ள இருந்துச்சு. ஸ்டெல்லா அத்தயக் கேளு."

"சரிம்மா. எடுக்கல. வுடு."

அந்த 'சரிம்மா'வில் நீ முடிந்துபோனாய். மற்றவர்கள் உடம்பு என்றார்கள், நெஞ்சுச் சளி என்றார்கள், ஓடு ஒழுகுகிற வீட்டில் படுத்ததால் என்றார்கள். இருக்கலாம். ஆனால் அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு நீ மில்லுக்கு வரவில்லை. சங்கிலியை விற்கவும் இல்லை, கழுத்தில் போடவும் இல்லை. ஒருநாள் மூச்சு வாங்க வாங்கத் திருக்கழுக்குன்றம் மலை ஏறி உண்டியலில் போட்டுவிட்டு வந்தாய். அதற்கும் ஊர் ஒரு பேச்சு வைத்திருந்தது. பாவத்தைக் கழித்துவிட்டாளாம். எடுத்து வைத்துக்கொண்டாலும் திருடி, கொடுத்துவிட்டாலும் திருடி. இவர்களுக்கு நீ என்னதான் செய்திருக்க வேண்டும்?

உன் காரியம் முடிந்த மறுநாள் அமுதா கடைக்கு வந்தாள். வயிற்றில் பிள்ளை. ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அத்த, எனக்கு நெசத்த சொல்லு. தலகாணிக்குள்ளருந்து அது வந்தத நீ உன் கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்மே" என்றேன். "நான்தான் டார்ச்சு புடிச்சிகினு நின்னேன். கறுப்பு நூல்ல கோணல்மாணலா தச்சிருந்துச்சு அந்தக் கெழவி. உங்கம்மா பிளேடால பிரிச்சா. பஞ்சோட வந்து வுழுந்துச்சு."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். உன் பிணத்தின் முன்னால்கூட அப்படி அழாதவள். "எங்கம்மாகிட்ட நான் சரிம்மான்னு சொல்லிட்டேனே அத்த" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன். மகள் நம்பிவிட்டாள், உனக்கு அது கிடைத்துவிட்டது. நீ இல்லாத கடையில், நீ கேட்க முடியாதபோது.

இனி உனக்கு மட்டும் சொல்கிறேன். நான் பார்க்கவில்லை. டார்ச் பெட்டிக்குள் இருந்தது, என் தலையும் பெட்டிக்குள் இருந்தது. நீ கத்திய பிறகுதான் திரும்பினேன். அப்போது சங்கிலி உன் கையில் இருந்தது. கறுப்பு நூலைக்கூட நான் பார்க்கவில்லை. நீ எடுத்திருக்க மாட்டாய். அது எனக்குத் தெரியும், என் பிள்ளைகள் மேல் ஆணையாகச் சொல்வேன். ஆனால் அந்த அறையை நீ எத்தனை வருடமாக எதிர்பார்த்திருந்தாய் என்றும் எனக்குத் தெரியும். பழனி சிரித்த சிரிப்பு எப்போதாவது, கடை மூடும் நேரத்தில், என் காதுக்குள் வந்து போகிறது. வரும்போது உன் மேல் கோபம் வராது, என் மேல்தான் வரும். ஒரு நொடி முன்னால் திரும்பியிருந்தால் என்ன கேடு வந்திருக்கும் எனக்கு?

உனக்கென்று சாட்சி சொல்ல உலகத்தில் நான் ஒருத்திதான். யார் கேட்டாலும் பார்த்தேன் என்றே சொல்கிறேன். போன மாதம் அமுதா மகனைத் தூக்கிக்கொண்டு வந்து மறுபடியும் கேட்டாள், ஆசையாக, கதை கேட்பதுபோல. சொன்னேன். பிளேடு நூலை அறுக்கிறது, நீ விரலை விட்டுத் துழாவுகிறாய், பதக்கம் முதலில் வருகிறது, பின்னாலேயே சங்கிலி வருகிறது. சொல்லச் சொல்ல எனக்கு அது கண் முன்னால் நன்றாகவே தெரிய ஆரம்பித்திருக்கிறது.