இரண்டு பூட்டுக் கிடங்கு

பார்சிப்பனி, நியூ ஜெர்சி
14-11-1999

மதிப்புக்குரிய வெங்கடாசலம் அவர்களுக்கு,

உங்கள் மது ஆலையில் எக்சைஸ் ஆபீசராக உட்கார்ந்திருந்த ராமசுப்ரமணியன், வணக்கம் சொல்லி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கோபம் வந்திருக்கும். கிழித்துப் போடாமல் கடைசிவரை படியுங்கள். விலாசம் கொடுத்தது கிடங்கு வாட்ச்மேன் கந்தசாமி. உங்கள் வீட்டில் தனபாக்கியம் அம்மாள் சௌக்கியம்தானே?

நானும் விசாலாக்ஷியும் ஆறு மாதமாக மகன் க்ரிஷ் வீட்டில் இருக்கிறோம். ஒரு தீப்பெட்டி வாங்கக்கூட அவன் கார் எடுக்க வேண்டிய ஊர் இது. பேத்தி விஷாகாவிடம் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வருகிறது. பக்கத்தில் ஐசலின் என்ற ஊரின் இந்தியக் கடையில் முருங்கைக்காய் கிடைத்த நாளெல்லாம் விசாலாக்ஷிக்குத் தீபாவளிதான்.

போன சனிக்கிழமை க்ரிஷ் என்னை ஒரு மதுக்கடைக்கு அழைத்துப் போனான். சிரிக்காதீர்கள், இன்றுவரை ஒரு சொட்டு தொட்டதில்லை. ஸ்காட்லாந்து விஸ்கி ஆலைக்காரர் ஒருவர் வந்து ருசி காட்டுகிறாராம், உங்க பழைய டிபார்ட்மென்ட் மேட்டர்தானேப்பா, சும்மா வந்து பாருங்கோ என்றான். அந்தச் செம்பட்டைத் தலைக்காரர், பீப்பாயிலிருந்து தண்ணீர் கலக்காமல் அப்படியே அடைத்த சிங்கிள் மால்ட்டை உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, பரபரவென்று தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். உங்களைத் தவிர அப்படித் தேய்க்கிற இன்னொரு மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை.

தினமும் காலை ஒன்பதரைக்கு ஆலைக் கெமிஸ்டான நீங்கள் கிடங்கில் உங்கள் பூட்டைத் திறப்பீர்கள், நான் சர்க்கார் பூட்டைத் திறப்பேன். உள்ளே போனதும் என் கையைப் பிடித்து இரண்டு சொட்டு விட்டு, மோந்து பாருங்க சார், குடிக்கவா சொல்றேன் என்பீர்கள். முதல் வருஷம் பச்சை மரவாசனை. மூன்றாம் வருஷம் வறுத்த பார்லியும் வெல்லப்பாகும். மற்றதெல்லாம் கரும்புக் கழிவில் வடித்த சரக்கு, பார்லி மால்ட்டில் வடித்த இந்தப் பன்னிரண்டு பீப்பாய் மட்டும் நம்மளுது என்பீர்கள். சிறுவாணித் தண்ணியும் பாலக்காட்டுக் காத்தும் சேர்ந்தா அதுக்குன்னு ஒரு ருசி வராம போயிருமாங்க சார் என்று நீங்கள் கேட்டபோது, கிறுக்கு மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஸ்காட்லாந்துக்காரரும் அதையேதான் சொன்னார். ஒரு தீவில் சதுப்பு மண்ணை எரித்த புகை வாசனை, பக்கத்துப் பள்ளத்தாக்கில் தேன் வாசனை, ஊருக்கு ஊர் தண்ணீரும் காற்றும் வேறு என்றார். கூடவே, வருஷத்துக்கு நூற்றில் இரண்டு பங்கு பீப்பாய் வழியாகக் காற்றோடு போய்விடும், அது தேவதைகளின் பங்கு என்றார். நான் கையைத் தூக்கி, தகரக் கூரை போட்ட கிடங்கில், எங்கள் ஊர் வெயிலில் எவ்வளவு போகும் என்று கேட்டேன். பத்து, பன்னிரண்டு போனாலும் ஆச்சரியமில்லை என்று சிரித்தார். மூன்று வருஷத்துக்கு எவ்வளவு என்று விரல்விட்டுக் கணக்குப் போட்டேன்.

அன்று மூன்று வருஷம் கழித்து உங்கள் பீப்பாய்களை அளந்தபோது கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. காத்து குடிச்சிருச்சுங்க சார் என்றீர்கள். சாம்பிள் என்ற பெயரில் நீங்கள் எடுத்துவிட்டதாக நான் ரிப்போர்ட் எழுதினேன். உங்கள் வேலை போயிற்று. மால்ட் முழுவதையும் மலிவுச் சரக்கில் கொட்டிக் கலந்தார்கள்.

வெயில் விவகாரம் அன்று தெரியாது என்று எழுதி முடித்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் அது தண்ணீர் கலந்த உண்மை. என் சாவி இல்லாமல் அந்தக் கிடங்குக்குள் யாரும் நுழைய முடியாது. நீங்கள் சாம்பிள் எடுத்த ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் நின்றேன். நீங்கள் திருடவில்லை என்று எனக்குத் தெரியும், வெங்கடாசலம். சரக்கு குறைந்தால் முதல் கேள்வி என்னிடம் வரும் என்று பயந்தேன். அது வருவதற்குள் முந்திக்கொண்டு எழுதினேன்.

வேலை போன மறுநாள், விசாலாக்ஷி உங்களுக்குப் புளியோதரை கொடுத்தனுப்பிய டிபன் கேரியரைத் திருப்பித் தர வந்தீர்கள். வெறும் பாத்திரமாகத் தரக் கூடாது என்று அச்சுவெல்லம் வைத்திருந்தீர்கள். என் முகத்தைப் பார்க்காமல் போனீர்கள். இந்த மனுஷரா எடுத்திருப்பார் என்று அவள் அன்றே கேட்டாள். நேற்றிரவு சாப்பிடும்போது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே, இதைக் கேட்க எனக்குப் பதினாலு வருஷம் ஆச்சு என்றாள்.

என் ரிப்போர்ட் பொய் என்று டிபார்ட்மென்டுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. பென்ஷனில் கை வைத்தால் வைக்கட்டும். நீங்கள் டுட்டோரியலில் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளியதாகக் கந்தசாமி சொன்னார். அந்த வருஷங்களை எந்தக் கடிதமும் திருப்பித் தராது, அது எனக்குத் தெரியும்.

ஜனவரியில் கோயம்புத்தூர் வருகிறோம். அந்த ஸ்காட்லாந்துப் புட்டி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன், சீல் உடைக்கவில்லை. நம் கிடங்கை நான் ஒரு நாளும் தனியாகத் திறந்ததில்லை. இந்தப் புட்டியையும் தனியாகத் திறக்க மாட்டேன். உங்களுக்கு மனம் வந்தால் என் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விடுங்கள். வராவிட்டால் புட்டியை உங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன், நீங்கள் என் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

நீங்களும் குடும்பமும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உங்களுக்குக் கடன்பட்ட,
ராமசுப்ரமணியன்