கூப்பிட்ட பெயர்

பாப்பாவின் அப்பாவுக்கு,

வேதம் வாசித்து நீங்கள் புது மனிதனாகிவிட்டதாகவும், ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூட்டிப்போக வருவதாகவும் உங்கள் தம்பி வந்து சொன்னார். தோட்டத்தில் காலைப் பிரட்டில் பேர் கூப்பிடும்போது, மண்டோர் வழக்கம்போல் "டேய் சம்சு" என்று அந்தச் சாராயப் பெயரைச் சொன்னாராம். "அது இப்ப என் பேரு இல்ல" என்று நீங்கள் அசையாமல் நின்றீர்களாம். ஆப்சென்ட் போட்டுவிட்டார்களாம். சந்தோஷம்.

இங்கே ராவாங்கில் நானும் தினமும் வாசிக்கிறேன். கர்த்தர் மனிதரைப் பேர் சொல்லி அழைக்கிற இடத்தைத் தாண்டிப் போகவே முடியவில்லை.

நேற்று ஃபேக்டரியில் சூப்பர்வைசர் எனக்குப் பின்னால் நின்று, "அன்னம்மா! உன்னைத்தான்லா!" என்று கத்தினார். குரல் கேட்டது. என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று தோன்றவில்லை.

சாயங்காலம் பாப்பாவோடு கடைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டில் எவனோ யாரையோ பார்த்து, "ஏ சனியனே!" என்றான். சட்டென்று திரும்பி, "இதோ வந்துட்டேங்க" என்றேன். பாப்பா அழாமல் என் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

எங்களைக் கூட்டிப்போக ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். நீங்கள் உங்கள் பழைய பெயருக்குத் திரும்பாமல் நிற்கப் பழகிவிட்டீர்கள். எனக்கு நீங்கள் வைத்த பெயருக்கு நான் இன்னும் திரும்பிக்கொண்டிருக்கிறேன்.

பாப்பாவின் அம்மா