அடைப்புக்குள் ஆவுளியா

சித்திரை 4, திங்கள்

விடியவே வெக்கை. காத்து இல்லை. அப்பாவின்ரை மணிக்கூடு இரவல். குடை, பென்சில் இரண்டு, தண்ணிப்போத்தல். மாட்டுவண்டியில் தாழ்வுபாட்டுக் கடற்கரைக்கு.

காதர் நானாவின்ரை வலையில் போன கிழமை பட்டது. கடற்பசு எண்டு புத்தகத்திலை, இங்கை ஆவுளியா. நெஞ்சளவு தண்ணியில் கம்பு நட்டு, வலை சுத்தின அடைப்பு. கொழும்பு மிருகக்காட்சிச்சாலைக்கு அனுப்புமட்டும் அது என்ன செய்யுது எண்டு நான் எழுதவேணும். வகுப்பிலை இவ்வளவு பெடியள் இருக்க எனக்குத் தந்தவர் பேராசிரியர். மன்னார்ப் பிள்ளை எண்டுதான். எண்டாலும் பெருமை.

மூச்சுக்கு மேலை வரும். மூக்கு மட்டும் தெரியும். கீழை போகும். வேறொண்டும் இல்லை. கழுத்து வெயிலில் வெந்துபோச்சு.

செவ்வாய்

கடற்புல் பிடுங்கிப் போட்டம். தொடேல்லை.

கா. 9 தொடக்கம் 12 மட்டும் மேற்குப் பக்கக் கம்போடையே நிண்டுது. வடக்காலை போய்த் திரும்பவும் மேற்கு. ஏன்?

நானா: "தங்கச்சி, இதை இறைச்சிக்கு விக்கச் சொல்லி எத்தினை பேர் கேட்டவை தெரியுமே? உயிரோடை இருக்கட்டும் எண்டுதான் உங்கடை பேராசிரியர் ஐயாவுக்குச் சொல் குடுத்தனான்."

செருப்பு வார் அறுந்துபோச்சு.

புதன்

கொஞ்சம் முகில். நீர் ஏறினநேரம், மேற்கு வேலிக்கு வெளியாலை இன்னொரு மூக்கு. சின்னன். முதல் ஆமை எண்டு நினைச்சன்.

குட்டி!

தாய் உள்ளுக்கை, குட்டி வெளியிலை. வலைக்கு இரண்டு பக்கமும் ஒரே இடம். இரண்டும் ஒண்டாய் மூச்செடுக்க வந்துது. நானாவும் பாத்தார். "அல்லாவே, பால்குடியல்லோ" எண்டார்.

பின்னேரம் தந்திக் கந்தோர். பேராசிரியருக்கு: தாய் தின்னவில்லை, குட்டி வெளியே, விடலாமா?

வியாழன்

குட்டி இன்னும் நிக்குது. மெலிவோ எண்டு எனக்குச் சந்தேகம். தாயின்ரை முகத்திலை கம்பு உரசின காயம். புல்லு போட்டபடியே மிதக்குது.

அம்மா: "சாப்பிடன் பிள்ளை. நீயும் அதைப்போலை இருக்கிறாய்."

மறுமொழி பின்னேரம்தான் வந்துது. மிக அருமையான சந்தர்ப்பம், குட்டியையும் பிடிக்கவும், பாராட்டு.

பாராட்டு! மூண்டுதரம் வாசிச்சன். கெட்ட மனுசன் இல்லை அவர். இந்த வகுப்பிலை எனக்கு இடம் தந்ததே அவர்தான்.

வெள்ளி

விடிய நானாவிட்டைத் தந்தியை வாசிச்சுக் காட்டினன்.

"குட்டியைப் பிடிக்கிறது லேசு. விட்டுப் போகாதே அது," எண்டார். தலை குனிஞ்சபடி.

"பிடிச்சா?"

"இரண்டும் சாகும். ரயில் ஏற முதலே."

"அப்ப திறந்து விடுவம் நானா."

"நான் சொல் குடுத்திட்டன், தங்கச்சி. எனக்கு ஏலாது."

சொன்னது ஞாயம். அவர் கரையிலை கிழிஞ்ச வலை பொத்த இருந்திட்டார். நான் பாவாடையைச் செருகிக்கொண்டு இறங்கினன். மேற்குப் பக்கம். பென்சில் சீவுற கத்தியாலை வலையை அறுத்தன். முதல் கம்பு வந்துது. இரண்டாவது அசையேல்லை. இழுத்து இழுத்துத் தோள் விட்டுப்போச்சு. அழுகையும் வந்துது.

பின்னாலை தண்ணிச் சத்தம். நானா. இரண்டு கையாலையும் பிடிச்சு ஆட்டிப் புடுங்கினார். மற்றதையும்.

உடனே போகேல்லை அது. வாசலிலை நிண்டுது. குட்டி வந்து கைச்செட்டைக்குக் கீழை தலையை வைச்சுக் குடிச்சுது. அங்கையே, எங்களுக்கு முன்னாலை. நான் நேரம் குறிக்க மறந்துபோனன். பிறகு இரண்டு மூக்கும் தூரத்திலை. பிறகு வெறுங்கடல்.

"மூமின், அல்லாவை நம்பினவன், சொல் மாறக்கூடாது," எண்டார் நானா. முகம் கறுத்துக்கிடந்துது.

சனி

தந்திக் கந்தோர். கிளாக்கர் தெரிஞ்ச மனுசன். அப்பாவோடை பூசைக்கு வாறவர். விசயத்தைக் கேட்டிட்டு மெல்லமாய்ச் சொன்னார்: "பிள்ளை, காத்துக்கு வேலி விழுந்ததெண்டு போடுவமே? உன்ரை படிப்பெல்லே."

"இல்லை. திறந்துவிட்டது எண்டு போடுங்கோ."

"ஆர் திறந்தது?"

"நான். தனிய."