ஒரு கொத்துத் தவிடு

ரெக்ஸ்டேல், ரொறன்ரோ
7 செப்டெம்பர் 1986

என்றும் என் மதிப்புக்குரிய பெரியண்ணனுக்கு,

தம்பி அருள்நாயகம் எழுதிக்கொள்வது. நானும் தவமலரும் பெண்பிள்ளைகள் இருவரும் மாமாங்கேஸ்வரர் கிருபையால் நல்ல சுகம். நீங்களும் கோணேஸ்வரி அண்ணியும் அன்புராசாவும் சுகமாயிருக்க அவரையே வேண்டுகிறேன். உங்கள் கடிதம் ஐந்து கிழமை கழித்துத்தான் வந்து சேர்ந்தது. உறையின் ஓரத்தை யாரோ பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். ஆகவே நீங்கள் எழுதாமல் விட்டதையும் சேர்த்தே வாசித்தேன்.

நவரட்ணம் மாஸ்ரரின் மகன் ரியூசனுக்குப் போனவன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதற்கு அடுத்த வரியில் அன்புராசாவுக்கு மீசை நன்றாக அரும்பிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். தவமலர் இரண்டு வரியையும் சேர்த்து வாசித்தாள். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

இங்கே எங்கள் பாடு பரவாயில்லை. எனக்குப் போத்தல் மூடி செய்யும் தொழிற்சாலையில் அதே வேலைதான். அங்கே என் பெயர் சாமி என்று சொன்னால் சிரிப்பீர்கள். பாஸ்போட்டில் அப்பாவின் பெயர் முன்னுக்கும் என் பெயர் பின்னுக்கும் இருந்ததால், முன்னுக்கு நிற்பது ஆளின் பெயர், பின்னுக்கு நிற்பது குடும்பப் பெயர் என்று விமான நிலையத்திலேயே தீர்மானித்துவிட்டார்கள். அன்றிலிருந்து நான் சாமித்தம்பி. போர்மன் 'சாமி, கெதியாய்ச் செய்' என்று கத்தும்போதெல்லாம், செத்துப் பத்து வருடமான அப்பாவுக்கல்லவா ஏச்சு விழுகிறது என்று எனக்குக் கூசும். உயிரோடு இருந்தபோது அவர் பெயரை நாங்கள் வாயால் சொன்னதுண்டா? என் பிள்ளைகளுக்கு என் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. எங்கள் ஊரில் குடும்பப் பெயர் இல்லை, குடிதான் உண்டு, அது தாய்வழியில் வரும், கோயிலில் கேட்டால் சொல்வேன் என்று இமிகிரேசன்காரனிடம் சொல்ல முடியுமா? அந்தப் பத்திரத்தில் அதற்கு இடமில்லை.

பெயர்க் கதையை இழுத்ததற்குக் காரணம் எங்கள் வீட்டுக்காரர். அவருடைய வீட்டின் பேஸ்மென்றில்தான் நாங்கள் இருக்கிறோம் என்று முன்பே எழுதியிருக்கிறேன். இத்தாலிக்காரர், பெயர் வின்சென்சோ எஸ்பொசிற்றோ. முப்பது வருடம் இந்த நகரத்தில் செங்கல் அடுக்கியவர், இப்போது பென்சன். போன சனிக்கிழமை அவர்கள் வீட்டில் தக்காளிச் சாறு காய்ச்சினார்கள். வருடத்துக்கு ஒருமுறை கராஜில் அடுப்பு மூட்டி, கூடை கூடையாகத் தக்காளியைப் பிழிந்து, வருடம் முழுவதற்கும் போத்தலில் அடைப்பார்கள். நானும் தவமலரும் போத்தல் கழுவிக் கொடுத்தோம்.

கராஜ் சுவரில் ஒரு உலகப்படம். அதில் நூற்றுக்கணக்கில் குண்டூசிகள். என்னவென்று கேட்டேன். நகரத்து நூல்நிலையத்தில் எல்லா நாட்டு ரெலிபோன் புத்தகங்களும் இருக்கின்றனவாம். பென்சன் எடுத்த நாளிலிருந்து மனுசன் அங்கே போய்த் தன் குடும்பப் பெயர் எந்தெந்த ஊரில் இருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு வந்து குத்துகிறார். நேப்பிள்ஸில் ஊசி வைக்க இடமில்லை. நியூயோர்க், ஆர்ஜென்ரீனா, மெல்பேர்ண் எங்கும் ஊசி. இந்த ரொறன்ரோப் புத்தகத்திலேயே பக்கம் கொள்ளாமல் இருக்கிறார்கள். இத்தனை சொந்தக்காரரா உங்களுக்கு என்று வாயைப் பிளந்தேன். ஒருத்தரும் சொந்தமில்லை என்றார். ஆர்ஜென்ரீனாவில் ஒருவருக்குக் கடிதம் போட்டாராம். எங்களுக்கும் உங்களுக்கும் ஒரு உறவும் இல்லை என்று பதில் வந்ததாம். ஆனாலும் நத்தாருக்கு நத்தார் அந்த மனுசன் காட் அனுப்பத் தவறுவதில்லையாம்.

பிறகு விசயத்தைச் சொன்னார். நேப்பிள்ஸில் ஒரு கோயில் மடம். அதன் சுவரில் மரத்தால் செய்த உருளை ஒன்று இருந்ததாம். வளர்க்க வழியில்லாத தாய் பிள்ளையை அதில் வைத்து வெளியே நின்று சுற்றிவிட்டால், உள்ளே கன்னியாஸ்திரிகள் எடுத்துக்கொள்வார்கள். யார் வைத்தது என்று பார்க்கவும் மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். அப்படி வந்த பிள்ளைகளுக்கு வைத்த பெயர்தான் எஸ்பொசிற்றோ. வெளியே வைக்கப்பட்டவன் என்று அர்த்தமாம். பிறகு அரசாங்கம் அப்படிப் பெயர் வைக்கக்கூடாது என்று தடுத்ததாம். வைத்த பெயர் போகவில்லை. இவருடைய பாட்டனின் பாட்டன் அந்த உருளையில் வந்தவர். மறுபடி வந்து பிள்ளையைக் கேட்டால் அடையாளம் வேண்டுமே என்று, சில தாய்மார் ஒரு பதக்கத்தை இரண்டாக வெட்டிப் பாதியைப் பிள்ளையின் கழுத்தில் கட்டிவிடுவார்களாம். அந்தப் பாதி இவர் வீட்டில் இருக்கிறது. மற்றப் பாதியோடு ஒருத்தரும் வரவில்லை.

வெட்கமில்லையா என்று தவமலர் கேட்டாள். கேட்கக்கூடாத கேள்விதான், அவள் கேட்டுவிட்டாள். அவர் கோபிக்கவில்லை. எனக்கேன் வெட்கம், நான் எடுத்து வளர்க்கப்பட்டவனின் வம்சம் என்றார். ஆனால் இந்த ஊசி ஒவ்வொன்றுக்கும் முதலில் ஒரு தாயோ தகப்பனோ இருந்திருப்பார்கள், அவர்களில் ஒருவருடைய பெயரும் எந்த ரெலிபோன் புத்தகத்திலும் இல்லை என்றும் சொன்னார். தவமலர் கையிலிருந்த போத்தலை வைத்துவிட்டுக் கீழே போய்விட்டாள்.

அண்ணா, எனக்குத் தவிடு ஞாபகம் வந்தது.

உங்களுக்குத் தெரியாத கதையல்ல. ஆனாலும் ஒருமுறை எழுதினால்தான் என் நெஞ்சு ஆறும். எங்கள் முதல் இரண்டு பிள்ளைகளும் தொட்டிலிலேயே போய்விட்டன. மூன்றாவதாக அன்புராசா பிறந்தான். பெற்றவர்களுக்கு நிற்காத பிள்ளை, தவிட்டுக்கு விற்றால்தான் தங்கும் என்று ஊரே சொன்னது. முற்றத்தில் நின்று அண்ணி ஒரு கொத்துத் தவிடு அளந்து போட, தவமலர் மடியில் வாங்கிக்கொண்டு பிள்ளையை நீட்டினாள். அந்தத் தவிட்டை நாங்கள் கோழிக்குப் போட்டோம். கண் துடைப்புக்கு ஒரு சடங்கு, மூன்று மாதத்தில் திருப்பிக் கூட்டிவரலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அண்ணி மட்டும் அப்படி நினைக்கவில்லை. பத்து வருடம் மடி காய்ந்திருந்தவள் எப்படி நினைப்பாள்?

பிறகு எனக்குக் கொழும்புக்கு மாற்றம். தவமலருக்கு உடம்பு சரியில்லை. இன்று நாளை என்று ஐந்து வருடம் ஓடிற்று. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புப் பதிவு கேட்கிறார்கள், நீ லீவு எடுத்து வருகிறாயா அல்லது தகப்பன் என்று என் பெயரைப் போடட்டுமா என்று நீங்கள் முறையாகக் கேட்டு எழுதினீர்கள். நான் ஒரு போஸ்ட் காட்டில் 'வசதிப்படி செய்யுங்கோ' என்று எழுதிப் போட்டேன். இரண்டே இரண்டு சொல். கந்தோரில் வேலை அதிகம் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் இருக்கவில்லை. அதை நினைத்தால் இப்போது என் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

எண்பத்து நாலில் இங்கே வந்து இறங்கியபோது பத்திரத்தில் பிள்ளைகள் எத்தனை என்று ஒரு கேள்வி. தவமலர் என் முழங்கையில் இடித்தாள். நான் இரண்டு என்று எழுதினேன். கடதாசிப்படி அதுதானே சரி என்று அவளைச் சமாதானப்படுத்தினேன். தவிட்டுக்கு வித்தது நான், எழுதிக் குடுத்தது நீங்க என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள்.

இங்கே ஸ்ரீஸ்கந்தராசா என்று ஒருவர் எங்கள் ஆட்களுக்குப் பத்திரம் நிரப்பிக் கொடுக்கிறார். நேர்மையான மனுசன். அவரிடம் கேட்டேன். அண்ணன் மகன் என்று கூப்பிட்டால் வரிசையில் நின்று வருடக்கணக்காகும், வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார். சொந்த மகன் என்றால் கெதியாகக் கூப்பிடலாம். ஆனால் நான் முந்தி எழுதியது பிழை என்று சத்தியம் செய்ய வேண்டும். அதனால் எனக்கு என்ன வந்தாலும் வரட்டும். என்னுடைய சத்தியம் மட்டும் போதாது என்பதுதான் சங்கடம்.

எப்படி எழுதுவேன்? நீங்கள் சமாதான நீதவானுக்கு முன்னால் போய், அன்புராசா என் மகன் அல்ல, என் தம்பி அருள்நாயகத்தின் மகன் என்று சத்தியக் கடதாசி முடித்து அனுப்ப வேண்டும். பதினேழு வருடம் தோளிலும் சைக்கிளிலும் சுமந்தவரிடம் இதைக் கேட்கிறேன். அவனுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரி விறாந்தையில் பதினாறு நாள் படுத்துக் கிடந்தவர் நீங்கள். நான் அப்போது கொழும்பிலிருந்து தந்தி அடித்தேன். என் முகத்தில் துப்பினாலும் துடைத்துவிட்டுத்தான் கேட்பேன். மாஸ்ரரின் மகனுக்கு அடுத்தது யார் என்று தெரியாமல் என்னால் சோறு தின்ன முடியவில்லை.

அண்ணிக்கு இதை நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். பிள்ளைக்குச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உங்கள் இருவரின் விருப்பம்.

உங்கள் காலைத் தொட்டு வணங்கும்
தம்பி அருள்நாயகம்

*

ரெக்ஸ்டேல், ரொறன்ரோ
30 நவம்பர் 1986

என்றும் என் மதிப்புக்குரிய பெரியண்ணனுக்கு,

உங்கள் பதிவுத் தபால் வியாழக்கிழமை கிடைத்தது. சத்தியக் கடதாசியில் உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். 'எனக்குப் பிள்ளைகள் இல்லை' என்ற வரிக்குப் பக்கத்திலும் ஒரு கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். அங்கே வைக்க வேண்டும் என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். எனக்கு விளங்குகிறது, அண்ணா.

அன்புராசாவிடம் சொல்லப்போனபோது, எனக்குத் தெரியும் என்று சொன்னானாமே. பன்னிரண்டு வயதிலேயே, கோயில் திருவிழாவில் குடிகளின் பெயரைச் சொல்லி அழைத்தபோது, அண்ணியின் குடியோடு நிற்காமல் தவமலரின் தமையனுக்குப் பக்கத்தில் போய் நின்றான் என்றும், திரும்பி வந்து ஒன்றும் நடக்காததுபோல் அண்ணியிடம் கச்சான் வாங்கக் காசு கேட்டான் என்றும் எழுதியிருந்தீர்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் யாருடைய பெயரை எழுதினாலும் தாய்வழியை ஊர் மறக்காது என்பதை நான் மறந்துபோனேன். ஐந்து வருடமாக அந்தப் பிள்ளை வாயே திறக்கவில்லை. அவனுக்கு அந்தப் பொறுமை உங்களிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். என்னிடமிருந்து வந்திருக்காது.

கடிதத்தின் அடியில் அண்ணி பென்சிலால் எழுதிய வரியைத் தவமலர் நூறு தரம் வாசித்திருப்பாள். 'தவிட்டைத் திருப்பித் தந்துபோட்டுக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்க. வாங்கின நான் இன்னும் விக்கல்ல.'

அண்ணி சொன்னது நியாயம். விற்றவர்கள் விலையைத் திருப்பிக் கொடுக்காமல் பிள்ளையைக் கேட்பது முறையல்ல. சனிக்கிழமை தவமலரும் நானும் தவிடு தேடிக் கடைகடையாக ஏறி இறங்கினோம். இங்கே தவிட்டைப் பெட்டியில் அடைத்து, முந்திரிகை வத்தலும் சீனியும் கலந்து, காலைச் சாப்பாடு என்று விற்கிறார்கள். அது வேண்டாம் என்றாள் தவமலர். கடைசியில் ஒரு கடையில் வெறும் கோதுமைத் தவிடு கிடைத்தது. நெல்லுத் தவிடு இந்த ஊரில் எங்கும் இல்லை, அண்ணி பொறுத்துக்கொள்ள வேண்டும். தபாலில் ஒரு கொத்து அனுப்ப முடியாது. தவமலர் தன் கையால் ஒரு பிடி அள்ளி மடித்து வைத்திருக்கிறாள். மிச்சத்தை ஒரு நாள் நாங்களே கொண்டுவந்து அந்த முற்றத்தில் நின்று அளப்போம். பதினேழு வருடத்துக்கு இது விலையல்ல என்று எங்களுக்குத் தெரியும்.

இன்னுமொரு விசயம். ஸ்ரீஸ்கந்தராசாவிடம் கேட்டுவிட்டேன். சத்தியக் கடதாசியில் என் மகன் என்று இருந்தாலும், பிறப்புப் பதிவிலுள்ள பெயரை மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லையாம். என்னைப்போல் முன்னும் பின்னும் மாறாமல், முதலிலேயே சரியாக எழுதுவிப்பேன். ஆளின் பெயர் அன்புராசா. குடும்பப் பெயர் உங்களுடைய பெயர், மாமாங்கம். நாளைக்கு அவனுக்குப் பிள்ளைகள் பிறந்தால் அவர்களும் மாமாங்கம், அவர்களுடைய பிள்ளைகளும் மாமாங்கம். நேற்று எஸ்பொசிற்றோவின் ரெலிபோன் புத்தகத்தை வாங்கி அந்தப் பெயர் வரவேண்டிய இடத்தைத் தேடிப் பார்த்தேன். உங்கள் பெயரில் இந்த நகரத்தில் ஒருத்தரும் இல்லை. முதல் ஆளாக அவன் இருக்கட்டும். எனக்குப் பிள்ளைகள் இல்லை என்று நீங்கள் வைத்த கையெழுத்துக்கு என்னால் செய்யக்கூடியது இவ்வளவுதான்.

கிழவரிடமும் இதைச் சொன்னேன். உள்ளே போய் ஒரு குண்டூசியை எடுத்துவந்து என் கையில் தந்தார். ஆள் வந்த பிறகு குத்து என்றார். அது தவமலரின் தையல் பெட்டிக்குள் இருக்கிறது.

இங்கே பனி தொடங்கிவிட்டது. அவனுக்குக் குளிர்ச்சட்டை வாங்க அளவு வேண்டும். தோள் அகலமும் கை நீளமும் அண்ணியை அளந்து எழுதச் சொல்லுங்கள். எனக்குத் தெரியாது.

பொட்டலத்தை அண்ணி கையால் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மனம் வராவிட்டால் கோழிக்குப் போடட்டும், நாங்களும் அதைத்தான் செய்தோம். அவன் உங்களுக்குக் கடிதம் எழுதும்போது அன்புள்ள அப்பா, அம்மா என்றே தொடங்குவான், அதற்கு நான் பொறுப்பு. தவமலர் தன் பங்குக்கு என்ன ஆசைப்படுகிறாள் என்று நான் கேட்கவில்லை. என்னை அவன் சித்தப்பா என்றே கூப்பிடட்டும், அண்ணா. வந்து கூப்பிட்டால் போதும்.

உங்கள் இருவரின் ஆசிக்கும் மன்னிப்புக்கும் காத்திருக்கும்
தம்பி அருள்நாயகம்