நியேவெஸுக்குக் கடலோரம் நான்கு நாள்

அலிகாந்தே
ஏப்ரல், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள நியேவெஸுக்கு,

சத்தூரியா எழுதுவது. நான் நலம். முட்டிவலி மட்டும் வழக்கம்போல என்னோடு மாடியேறி இறங்குகிறது. நீயும் என் தம்பி பெர்மினும் நலமாக இருக்க வேண்டும். சோரியாவில் இன்னும் பனி விழுகிறது என்று செய்தியில் சொன்னார்கள். இங்கே சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்ததுமே, "முடியாதுக்கா, அவர யாரு பாத்துக்கிறது?" என்று ஆரம்பிப்பாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

உறைக்குள் இருப்பது என் வீட்டுச் சாவி. மே மாத நடுவில் நான் அங்கே வருகிறேன். ஒரு நாள் உன் கூடவே இருந்து மாத்திரை, குளியல், படுக்கையில் புரட்டிவிடுவது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வேன். மறுநாள் காலை நீ ரயிலேறுகிறாய். நான்கு நாள் என் வீட்டில் இருந்துவிட்டு வருகிறாய். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மத்ரித்தில் வண்டி மாற வேண்டும். அதே நிலையம்தான், தெருவில் இறங்க வேண்டியதில்லை.

அவனுக்குக் கூச்சமாக இருக்கும் என்று நீ யோசிப்பது எனக்குத் தெரியும். இருக்கட்டும். குழந்தையில் அவனைக் குளிப்பாட்டியவளே நான்தான். அப்போதும் காலை உதைத்துக்கொண்டு கத்துவான். இப்போது காலை உதைத்தால் டாக்டர் சந்தோஷப்படுவார்.

நிலையத்துக்கு எதிர்வீட்டு ரெமே வருவாள். அவள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். நீ பதில் சொல்ல வேண்டியதில்லை, அவளும் எதிர்பார்க்க மாட்டாள். வந்த அன்று எங்கும் போகாதே. தூங்கு. சன்னல் கதவை மூடினால் பகலே தெரியாது. அடுத்த நாள் சந்தைக்குப் போய், இறால் கடைக்காரனிடம் என் பெயரைச் சொல். இல்லாவிட்டால் முந்தின நாள் சரக்கைத் தள்ளிவிடுவான். மீன் சாற்றில் வெந்த சோறு மத்தியானம்தான் நன்றாக இருக்கும். ராத்திரி கேட்டால் சிரிப்பார்கள். சாயங்காலம் கரையோரம் பேரீச்சை மரங்களுக்கு அடியில் நட. கால் வலித்தால் உட்கார்ந்து கோரைக்கிழங்குப் பால் ஒரு கிளாஸ் வாங்கிக் குடி, ஜில்லென்று இருக்கும். கோட்டைக்கு ஏறிப் போகாதே, கடற்கரைக்கு எதிரிலேயே லிஃப்ட் இருக்கிறது. கடல் அமைதியாக இருந்தால் படகில் தீவுக்கும் போய் வரலாம்.

அலமாரி மேல்தட்டில் நீச்சல் உடை இருக்கிறது. நீல நிறம். "இந்த வயசுல இத யாரு போட்டுக்குவா" என்று முனகாதே. எங்கள் கரையில் வந்து பார். எல்லாரும் உன்னைவிடக் குண்டு, உன்னைவிட வயசு.

இனி சொல்லப்போவதைத்தான் எப்படி எழுதுவதென்று தெரியாமல் மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இது என் யோசனை இல்லை, நியேவெஸ்.

மார்ச்சில் அங்கே வந்திருந்தேனே, அப்போது ஒரு மத்தியானம் நீ அடுப்பில் சூப்பை வைத்துவிட்டு, சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிட்டாய். கையில் கரண்டி. எழுப்பலாமா வேண்டாமா என்று நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கூடத்தில் பெர்மின் நாற்காலியைத் தட்டினான். டிவியில் வானிலைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. இடது கையை நீட்டி, எங்கள் ஊர்ப் பக்கம் போட்டிருந்த சூரியனைக் காட்டினான். அப்புறம் சமையலறையைக் காட்டினான். நான் ஒரு மக்கு. "என்னடா, வெயிலுக்கு வரணுமா? என் வீட்டுக்கு வர்றியா?" என்று கேட்டேன். திட்டினான். பக்கவாதம் வந்த பிறகு அவனுக்கு மற்ற வார்த்தை எதுவும் வராவிட்டாலும், கெட்ட வார்த்தை மட்டும் முழுசாக வருகிறதே! திட்டி முடித்துவிட்டு, முகமெல்லாம் வியர்க்க, வாயைக் கோணிக் கோணி முயன்றான். கடைசியில் வந்தது: "அவ... போகட்டும்."

நான் சரி என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டான். நீ விழித்துவிட்டாய். சூப் அடிப்பிடித்துவிட்டது என்று உன்னையே நீ நொந்துகொண்டாய். விஷயத்தை நாங்கள் இருவரும் எங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டோம்.

இப்போது வர மாட்டேன் என்றால் அதை எனக்கு எழுதாதே. அவன் எதிரில் உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

என்றும் உன் நலம் நாடும்,
சத்தூரியா


அலிகாந்தே
மே, ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

நியேவெஸ் எழுதுவது. இதை உங்கள் சமையலறை மேசையில், பழக்கிண்ணத்துக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன். நீங்கள் படிக்கும்போது நான் சோரியாவில் இருப்பேன். வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டேன். உங்கள் செடிகளில் ஒன்றுக்கு அதிகமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டேன் போலிருக்கிறது, மன்னிக்க வேண்டும்.

ரெமே என்னைப் பார்த்ததும், "என்னம்மா இது, மூஞ்சி மாவுல புரட்டினாப்ல இருக்கு, உங்க ஊர்ல சூரியனே கிடையாதா?" என்றாள். வீடு வரும்வரை நிறுத்தவில்லை. எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது. அவள் பேசிக்கொண்டே இருந்ததில் அழ இடமில்லாமல் போனது.

நீங்கள் சொன்னபடி எதுவும் நடக்கவில்லை, அக்கா. கோட்டைக்குப் போகவில்லை. தீவுக்கும் போகவில்லை. முதல் இரண்டு நாளும் தூங்கினேன். பக்கத்தில் கட்டில் கிறீச்சிடவில்லையே என்று திடுக்கிட்டு எழுவேன், மறுபடி தூங்குவேன். போன் செய்தபோதெல்லாம் "எல்லாம் சரியா இருக்கு" என்றே சொன்னீர்கள். ஆனால் உங்கள் சூப்பைப் பற்றி அவர் பின்னாலிருந்து சொன்ன வார்த்தை எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நேற்றுக் காலை அந்த நீல உடையைப் போட்டு, மேலே கவுனும் மாட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். நீங்கள் எழுதியது சரிதான். தொப்பி போட்ட பெரியம்மாக்கள் நெஞ்சளவு தண்ணீரில் வட்டமாக நின்று, சந்தையில் நிற்பதுபோலக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மணலிலேயே நின்றேன். ஒருத்தி கூப்பிட்டாள்: "ஏம்மா, காவலுக்கா வந்திருக்கே? இறங்கு!" இறங்கினேன். சில்லிட்டது. அலை இடுப்பில் அடித்ததும் கத்திவிட்டேன். அவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"வீட்டுக்காரர் வரலியா?" என்று கேட்டார்கள். ஊரில் இருக்கிறார் என்றேன். "எப்படிப்பட்டவரு?" என்று இன்னொருத்தி கேட்டாள். வாதம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வந்தது வேறு. "பள்ளிக்கூட பஸ் ஓட்டுவாரு. பயங்கரமா பொய் சொல்லுவாரு. பிள்ளைங்க அவர் சொல்ற கதைய கேக்கறதுக்காகவே பஸ்ஸ விட்டு இறங்க மாட்டாங்க" என்றேன். சொல்லிக்கொண்டே போனேன், அக்கா. அவர் விசிலடிப்பது, நடனமாடினாலே என் காலை மிதிப்பது, எல்லாம் சொன்னேன். அவர்களும் கேட்டுச் சிரித்தார்கள்.

கரையேறி உட்கார்ந்த பிறகு எனக்குப் புரிந்தது. மூன்று வருடமாக ராத்திரி பகல் அவர் பக்கத்திலேயே இருக்கிறேன். அவரை நினைக்க எனக்கு நேரமே இருந்ததில்லை. இத்தனை தூரம் வந்துதான் நினைத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் அவர் பஸ் வருகிறதா என்று சன்னலில் நிற்பேனே, அப்படி இருந்தது. இன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

நீங்கள் களைத்துப் போயிருப்பீர்கள். குளிர்பெட்டியில் உருளைக்கிழங்கு ஆம்லெட் வைத்திருக்கிறேன், சூடு பண்ண வேண்டாம், அப்படியே சாப்பிடுங்கள். சன்னலை மூடிவிட்டுத் தூங்குங்கள். முட்டிக்குத் தைலம் தடவ மறக்காதீர்கள். நம் சோரியாவின் புனிதர் சான் சத்தூரியோ உங்களை நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும்.

அக்கா, ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த வருடமும் கூப்பிடுவீர்கள் என்று நம்புகிறேன். நான் முடியாது என்பேன். அவரை விட்டு வர மாட்டேன், வேலை கிடக்கிறது, கடல் எனக்குப் பிடிக்கவில்லை என்றுகூடச் சொல்வேன். அதையெல்லாம் காதில் வாங்காதீர்கள்.

உங்கள் அன்புள்ள,
நியேவெஸ்