எல்லார் முன்னாலும் கேட்ட கேள்வி

அய்யா,

நேற்று கணக்கெடுப்புக்காகத் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் சாம்பிராணி வாசம் முகத்தில் அடித்தது. பகல் பதினொரு மணிக்கு, செபமும் இல்லை சாவும் இல்லை, யார் அவ்வளவு சாம்பிராணி போடுவார்கள்? அதற்கடியில் இன்னொரு வாடை இருந்தது. படுக்கைப் புண்ணின் வாடை. நம் வீட்டில் மதினி, அண்ணன் மனைவி, இரண்டு மாதம் இப்படிச் சாம்பிராணி போட்டுத்தான் வாடையை மறைத்தாள் என்பதால் என் மூக்கை இனி யாரும் ஏமாற்ற முடியாது. கட்டிலில் ஒரு கிழவி கிடந்தாள்.

மருமகளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டேன். இப்போது அதுதான் விதி, நான் எழுதிய விதி. "தனியாக் குளிக்க முடியுதாம்மா?" கிழவி சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு, "முடியுது தாயி. எம் மருமக தங்கமானவ" என்றாள். குளிப்பதைப் பற்றிக் கேட்டதற்கு மருமகளைப் பற்றிப் பதில். போர்வையை விலக்கிப் பார்த்தேன். பிறகு படிவத்தில் 'முடியாது' என்று எழுதினேன். சொன்ன பதிலை மாற்றி எழுதக் கூடாது என்பதும் நான் எழுதிய விதிதான். மீறுவதற்கு ஐந்து நொடிகூட ஆகவில்லை. முன்பின் தெரியாத ஒருத்திக்குச் செய்ததைப் பெற்ற அப்பாவான உங்களுக்குச் செய்யவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் வேலையை நீங்கள் ஒரு நாளும் வேலையாக மதித்ததில்லை. வயதானவர்களுக்கு அரசாங்கம் என்ன செய்யலாம், யாருக்கு எது முதலில் போய்ச் சேர வேண்டும் என்று ஆராய்ந்து எழுதிக் கொடுப்பது என் தொழில் என்று ஒருமுறை மிளகாய்க் களத்தில் நின்று உங்களுக்கு விளக்கினேன். காய்ந்த வற்றலைக் காலால் ஒதுக்கியபடியே கேட்டீர்கள். "கெழடு கட்டைகள எண்ணுறதுக்கு மெட்ராஸ்ல ஒரு ஆபீசா? எண்ணிப் பாத்துக் கூடுதலா இருந்தா என்னத்தா செய்வீக?" வற்றல் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் ஒன்று சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்க்கும்போது சிரிக்காமல் இருக்கிற தைரியம் நம் ஊரில் எவருக்கும் இல்லை.

அதற்குப் பல வருடம் முன்னால் இன்னொரு நாள். எனக்கு இருபது வயது. மாப்பிள்ளை வீட்டார் பாயில் உட்கார்ந்திருக்க, நம் சொந்தம் மொத்தமும் கூடியிருக்க, சபை நடுவில் நிறுத்தி என்னிடம் கேட்டீர்கள். "என்னத்தா, சம்மதந்தான?" அந்தக் கூட்டத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு என்று உங்களுக்குத் தெரியும். "சரிங்கய்யா" என்றேன். மூன்று வருடம் கழித்து, காது கிழிந்து, ஒரு பையோடு வீட்டுக்குத் திரும்பி வந்தேன். வாசலிலேயே நிறுத்தி, "ஒன் வாயாலதான சொன்ன" என்றீர்கள். அதற்குப் பிறகுதான் சென்னைக்குப் போய்ப் படித்தேன். படித்ததெல்லாம் உங்களைத் தோற்கடிக்கத்தான் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கப்போவதில்லை.

கிழவர் கிழவிகளைத் தேடி வாரம் ஒருமுறை நர்ஸ் வீட்டுக்கே வரும் திட்டம் ஒன்றுக்குப் படிவம் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஐந்து கேள்விகள். தானாகக் குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, நடப்பது, சாப்பிடுவது. மூன்றுக்கு மேல் 'முடியும்' என்றால் நர்ஸ் வர மாட்டார். குடும்பத்தார் முன்னிலையில் கேட்க வேண்டும், சொன்னதை அப்படியே எழுத வேண்டும் என்று விதி வைத்தேன். தனியாகக் கேட்டால் பொய் சொல்லிச் சலுகை வாங்கிவிடுவார்களாம். ஏசி அறையில் உட்கார்ந்து யோசித்தால் இப்படித்தான் தோன்றும். சோதித்துப் பார்க்க நம் ஊரைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். அரசாங்க ஜீப்பில் வந்து இறங்குவதை நீங்கள் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

நம் பக்கத்தில் 'முடியவில்லை' என்பது உடம்பைப் பற்றிய பேச்சு அல்ல. வீட்டின் மேல் வைக்கிற புகார். மருமகள் பக்கத்தில் நிற்கும்போது மாமனார் அதைச் சொன்னால், அவள் சரியாகப் பார்ப்பதில்லை என்று ஊருக்கு அறிவித்ததாகிவிடும். மறுநாள் கண்மாய்க்கரை வரை அதுதான் பேச்சு. இதெல்லாம் தெரியாத வடநாட்டு அதிகாரி யாராவது செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் அந்த ஊரில் பிறந்தவள்.

முற்றத்தில் நாற்காலி போட்டு உங்களை உட்கார வைத்திருந்தார்கள். அண்ணன், மதினி, பக்கத்து வீட்டார் இரண்டு பேர். "தானாக் குளிக்க முடியுதாங்கய்யா?"

"முடியுது."

"வேட்டி கட்ட?"

"ஏன், இப்ப அம்மணமாவா ஒக்காந்திருக்கேன்?" எல்லாரும் சிரித்தார்கள்.

"கக்கூசுக்குத் தனியாப் போக?"

என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். நாற்காலிக்கு அடியில் சிமெண்டுத் தரை ஈரமாக இருந்தது. அதை நான் பார்த்ததை நீங்களும் பார்த்தீர்கள். மதினி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். "போறேன். எல்லாம் போறேன். எழுதிக்க" என்றீர்கள்.

எழுதிக்கொண்டேன். நிதானமாக, அழகான கையெழுத்தில். உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள் அல்லவா? அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அய்யா. வருத்தம் துளிகூட இல்லை.

ஊர் முழுக்க இதே கதைதான். எழுந்து உட்கார முடியாதவர்கள்கூட நடக்கிறேன் என்றார்கள். நம் கரையோர முதியவர்கள் பிறரைச் சாராமல் வாழ்கிறவர்கள் என்று கட்டுரை எழுதினேன். சென்னையில் வாசித்தபோது கைதட்டினார்கள். மேசையில் ஒரு கேடயம் வந்து உட்கார்ந்தது. நர்ஸ் அடுத்த வட்டாரத்துக்குப் போனார்.

அடுத்த மழைக்காலத்தில் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தீர்கள். இடுப்பெலும்பு போனது. இந்த வயதில் கத்தி வைக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்ல, கட்டிலோடு கிடந்தீர்கள். மதினி போன் செய்தாள். "நர்சம்மா பக்கத்து ஊரு வரைக்கும் வாராகளாம். லிஸ்ட்டுல மாமா பேரு இல்லங்கிறாக. நீங்க ஒரு வார்த்தை சொன்னா வந்துருவாகள்ல?" ஒரு வார்த்தைதான். மறுமதிப்பீடு ஒரு வருடம் கழித்துத்தான் என்று விதி இருப்பதை விளக்கினேன். சொந்த அப்பாவுக்காகப் பட்டியலைத் திருத்தினால் ஆய்வின் மேலேயே சந்தேகம் வரும் என்றேன். மதினிக்குப் புரியவில்லை. "சரி, நான் பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்தது வேப்பிலை, துணி, சாம்பிராணி. இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று சொல்லித்தர வேண்டிய ஆள்தான் பட்டியலில் இல்லாமல் போனார்.

நான் வந்து சேர்ந்தபோது முதுகின் கீழே உள்ளங்கை அளவுக்குக் குழி. எலும்பு தெரிந்தது. உங்களை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு துடைத்தேன். நீங்கள் ஒரு சத்தம் போடவில்லை. அறையில் நம் இருவரைத் தவிர யாரும் இல்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னீர்கள்.

"அன்னைக்கு உள்ள கூட்டிட்டுப் போயிக் கேட்டிருக்கலாம்லத்தா."

முப்பது வருடத்தில் நீங்கள் என்னிடம் கெஞ்சினாற்போல் பேசியது அது ஒன்றுதான். நான் பஞ்சைக் கீழே வைக்காமல் கேட்டேன். "என்னைய நீங்க உள்ள கூட்டிட்டுப் போயா கேட்டீக?"

உங்கள் தோள் ஒருதரம் குலுங்கியது. ஒன்பது நாள் இருந்தீர்கள். கஞ்சி ஊட்டினேன், துணி மாற்றினேன். சாவு வீட்டில், மகள் வந்து எவ்வளவு பக்குவமாகப் பார்த்தாள் என்று ஊர் மெச்சியது. மதினிதான் சரியாகப் பார்க்கவில்லையாம். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

விதியை மாற்றினேன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்க வேண்டும் என்று. எதனால் இந்த மாற்றம் என்று கூட்டத்தில் கேட்டார்கள். கள அனுபவம் என்றேன். குறித்துக்கொண்டார்கள்.

பழைய கட்டுரையைத் திரும்பப் பெறவில்லை. அதற்கான தரவு என் கணினியில்தான் இருக்கிறது. பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும். உங்கள் எண் எனக்கு மனப்பாடம். ஒரு வரியைத் திருத்த வேண்டுமானால் பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் திறக்கும், அதை நிரப்பாமல் நகர முடியாது. எனக்கு மூன்று சொற்கள் போதும். 'பதிந்தவருக்கு அப்போதே தெரியும்.' அதை எழுதினால் கட்டுரை போகும், கேடயம் போகும், ஒருவேளை வேலையும் போகும். இன்று காலையும் அந்தக் கட்டத்தைத் திறந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடினேன்.

அதனால் அந்தத் தரவில் நீங்கள் இன்னும் தானாக எழுந்து நடக்கிறீர்கள். தானாகக் குளிக்கிறீர்கள், வேட்டியைத் தானே கட்டிக்கொள்கிறீர்கள். ஐந்துக்கு ஐந்து, அய்யா. உங்களுக்கு யார் உதவியும் தேவையில்லை.