பச்சைக் குஞ்சுகள்

மூதூர்
03.01.2007

மதிப்புக்குரிய சோமசேகரம் மாஸ்டருக்கு,

உங்களுக்கும் கமலேஸ்வரி அக்காவுக்கும் சுகம் கேட்டு எழுதுறன். உங்கள் மகன் நிமலன் தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போன பிறகு நீங்கள் என்னிடம் தந்த பரட்லெட் கிளிச் சோடி குஞ்சு பொரித்திருக்குது. உள்ளங்கைக்குள் அடங்குற அந்தத் தாயும் தகப்பனும் நல்ல மஞ்சள். குஞ்சுகளோ எல்லாம் பச்சை! "பெட்டை ஆரோடயோ களவாய்க் கதைச்சிருக்குது" என்று என் மனிசி ரபீக்கா சிரிக்கிறா.

அக்காவிடம் சொல்லுங்கள்: கிளிகளும் சுகம், தம்பியும் சுகம். தெற்கே தடுப்பு முகாமுக்கு லொறியில் சாமான் ஏத்திக்கொண்டு போன என் மச்சான் ஹிஸ்புல்லா தம்பியைக் கண்ணால் கண்டவர். தம்பி கட்டாயம் திரும்பி வருவார்.

அன்புள்ள
அபூதாஹிர்


பாலையூற்று
10.01.2007

அன்பின் அபூதாஹிர்,

கிளிகள் சுகம் என்று நான் சொன்னதும் கமலேஸ்வரி இன்னும் கொஞ்சம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். குஞ்சுகளின் நிறத்தைச் சொல்லவில்லை.

இதை எழுதலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். விஞ்ஞானம் படிப்பித்தவன்தான், ஆனாலும் என் கணிப்பில் பிழை இருக்கலாம். இருந்தால் மன்னியுங்கள்.

பரட்லெட்டுக்கு இயற்கை நிறம் பச்சை. மஞ்சளாக வேண்டுமென்றால் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் ஒரே பரம்பரைக் குறை வந்து சேர வேண்டும். நிமலனின் சோடி ஒரே வம்சம். இங்கே பொரித்த குஞ்சுகள் அத்தனையும் மஞ்சள். பச்சை வர வழியில்லை. ஆனால் வேறொரு மஞ்சளும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்று, உள்ளே இருக்கும் குறை வேறு. அந்த இரண்டையும் சோடி சேர்த்தால் ஒன்றில் இல்லாததை மற்றது கொடுத்துவிடும். குஞ்சு பச்சையாகிவிடும்.

ஓர் உதவி. கிளிகள் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணைப் பாருங்கள். நிமலனுடையவை இரண்டுக்கும் கண் கறுப்பு.

அன்புடன்
சோமசேகரம்


மூதூர்
19.01.2007

மாஸ்டர்,

ஆணுக்குக் கண் சிவப்பு.

மாஸ்டரிட்ட இது எடுபடாது என்று ரபீக்கா அப்பவே சொன்னவ. போன ஓகஸ்டில் ஷெல்லடிக்குள்ளால் கந்தளாய்க்கு ஓடினபோது கூட்டை மடியில்தான் வைத்திருந்தனான். வழியில் ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. ஆண் கிளி செத்துப்போச்சு. "அந்தச் சோடி இருக்குமட்டும் என்ர பிள்ளையும் இருக்கிறான்" என்று அக்கா சொன்னது காதிலேயே நிண்டது. கொழும்புக்குப் போன நேரம் அதே மஞ்சளில் ஒன்று தேடி வாங்கினன். மஞ்சளுக்குள்ளேயும் ரெண்டு மஞ்சள் இருக்கெண்டு எனக்கென்ன தெரியும்?

எனக்கு ஏசுங்கள். அக்காவுக்கு மட்டும் சொல்லாதேங்கோ.

அபூதாஹிர்


பாலையூற்று
27.01.2007

அன்பின் அபூதாஹிர்,

ஏச எனக்கு வராது. நீங்கள் அன்பினால் செய்தீர்கள். அவளுக்குச் சொல்லவும் இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். கேட்கப் பயமாக இருக்கிறது. கிளி செத்ததை எங்களுக்காக மறைத்தீர்கள். மச்சான் நிமலனைக் கண்ட செய்தியையும் கந்தளாயிலிருந்து திரும்பிய பிறகுதான் எழுதினீர்கள். அதுவும் எங்களுக்காகத்தானா? ஓம் அல்லது இல்லை, ஒரு சொல் போதும்.

சோமசேகரம்


பாலையூற்று
24.02.2007

அன்பின் அபூதாஹிர்,

கடிதம் தவறிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். நேற்றுச் சந்தையில் உங்கள் அயலவர் ஸெய்னுதீனைக் கண்டேன். "கிடைச்சது மாஸ்டர். வாசிச்சுப்போட்டு அபூதாஹிர் காக்கா அண்டைக்குத் தன்ர கடை திறக்கேல்லை" என்றார்.

விளங்கிக்கொண்டேன். உங்களில் கோபம் இல்லை. இனி நான் எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் பதில் தேட வேண்டி வரும்.

கமலேஸ்வரி திங்கட்கிழமை லோஞ்ச் படகில் மூதூருக்கு வருகிறாள். மறித்துப் பார்த்தேன், ஏலவில்லை. ஹிஸ்புல்லாவின் வாயாலேயே கேட்க வேண்டுமாம். குஞ்சுகளை அவள் கண்ணில் காட்ட வேண்டாம். அவளும் என்னோடு சேர்ந்து கிளி வளர்த்தவள்.

ஹிஸ்புல்லாவை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். பிள்ளை மெலிந்திருந்தான், ஆனால் தானாக நடந்தான் என்று சொல்லட்டும். என்ன சட்டை போட்டிருந்தான் என்று கட்டாயம் கேட்பாள். பிடித்துக்கொண்டு போன அன்று போட்டிருந்தது நீலக் கோடு போட்டது. கழுத்துப் பொத்தான் இல்லை. அதையும் சொன்னால் நம்புவாள்.

சோமசேகரம்